லினக்ஸில் குரல் பதிவு: மிக்சர் அமைப்பு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன். இங்கிருக்கும் தமிழ்ப் பெரியவர்களின் பேச்சையும் பாட்டையும் சில ஆண்டுகளாகப் பதிவு செய்து வருகிறேன். கோலார் தங்கவயலில் சுரங்கத்தில் இறங்கியவர்கள், ஆலையில் நூல் நூற்றவர்கள், தலைமுறை தலைமுறையாகக் கன்டோன்மென்ட் பக்கமே வாழ்ந்துவிட்டவர்கள் என்று பலரும் பேசியிருக்கிறார்கள். கருவி, லினக்ஸ் நிறுவிய மடிக்கணினி ஒன்றும் மைக் ஒன்றும்தான். உடன் வரும் நண்பர்களும், ஊரில் தங்கள் பாட்டியின் குரலைப் பதிந்துவைக்க நினைப்பவர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். மெனு, விசைகளின் பெயர்களைத் திரையில் படிக்கும் ஒலிப்பிலேயே எழுதியிருக்கிறேன்.

பதிவு ஓடுகிறது, ஆனால் அலைக்குப் பதிலாக நேர்கோடுதான் வருகிறது. மைக் கெட்டுவிட்டதா?

மைக்கைச் சந்தேகிப்பதற்கு முன் மிக்சரை, அதாவது ஒலி அளவுகளை வைக்கும் நிரலைப் பாருங்கள். கட்டளை தட்டும் முனையத்தை (டெர்மினல்) திறந்து, ஆல்சா, மிக்சர் என்ற இரு சொற்களையும் இடைவெளியில்லாமல் சிற்றெழுத்தில் தட்டுங்கள். செங்குத்துப் பட்டைகள் கொண்ட திரை வரும். செயலிகளின் ஒலியைக் கலந்து கொடுக்கும் பைப்வயர் ஓடும் கணினியில் முதலில் ஒன்றிரண்டு பட்டைகள் மட்டுமே தெரியலாம். அவை நிஜமான ஒலி அட்டையின் பட்டைகள் அல்ல. எஃப்6 அழுத்தி, பட்டியலில் உங்கள் அட்டையைத் தேர்ந்தெடுங்கள். பிறகு எஃப்4 அழுத்தினால் பதிவுக்கான பட்டைகள் மட்டும் வரும்.

அங்கே 'கேப்ச்சர்' என்ற பட்டையின் அடியில் சிவப்பு எழுத்தில் அதே சொல் இருக்க வேண்டும். அதற்குப் பதிலாகச் சிறு கோடுகள் இருந்தால் பதிவு அணைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அம்புக்குறியால் அந்தப் பட்டைக்குச் சென்று ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கள். என்னிடம் வந்த நேர்கோடுப் புகார்களில் பெரும்பாலானவை இந்த ஒரு தட்டலில் தீர்ந்தன.

மேசைக் கணினியில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 'இன்புட் சோர்ஸ்' என்ற பட்டையில் முன்பக்க மைக், பின்பக்க மைக், லைன் என்று தெரிவுகள் இருக்கும். மைக்கைப் பின்னால் செருகிவிட்டு முன்பக்க மைக்கைத் தெரிவு செய்திருந்தால் மௌனம்தான் பதிவாகும்.

பட்டியலில் மைக்கே இல்லையென்றால் கதை வேறு. அண்மைக்கால இன்டெல் மடிக்கணினிகள் பலவற்றில் உள் மைக் டிஜிட்டல் வகையைச் சேர்ந்தது. அது இயங்க 'சவுண்ட் ஓபன் ஃபர்ம்வேர்' என்ற தொகுப்பு தேவை. அதை நிறுவி மறுதொடக்கம் செய்யுங்கள்.

மைக் பட்டையை உச்சிக்கே ஏற்றிவிட்டேன். பதிவில் மாற்றமே இல்லையே?

எஃப்3 திரையில் இருக்கும் மைக் பட்டையை ஏற்றியிருப்பீர்கள். அது ஒலியைக் கேட்பதற்கான (பிளேபேக்) திரை. அங்குள்ள மைக் பட்டை, மைக்கில் விழும் ஒலியை நேராக ஸ்பீக்கருக்கோ ஹெட்போனுக்கோ எவ்வளவு அனுப்புவது என்பதை மட்டும் தீர்மானிக்கிறது. பதிவின் அளவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதை ஏற்றினால் ஸ்பீக்கர் ஒலி திரும்ப மைக்கில் விழுந்து ஊளையிடும் ஆபத்துதான் மிச்சம். எம் விசையை அழுத்தி அதை அடைத்துவிடுங்கள். பட்டையின் அடியில் இரண்டு எம் எழுத்துகள் இருந்தால் அடைத்திருக்கிறது, இரண்டு பூஜ்யங்கள் இருந்தால் திறந்திருக்கிறது.

பதிவின் அளவு எஃப்4 திரையில் இருக்கிறது. ஒரே பெயர் இரண்டு இடங்களில் இருப்பதால், பல ஆண்டுகள் லினக்ஸ் பயன்படுத்தியவர்கள்கூட இதில் தடுமாறுகிறார்கள்.

ஆல்சா, பல்ஸ்ஆடியோ, பைப்வயர் என்று மூன்று பெயர்கள் சொல்கிறார்கள். நான் எதில் அளவை மாற்ற வேண்டும்?

ஆல்சா, லினக்ஸின் மையமான கர்னலோடு சேர்ந்தது, ஒலி அட்டையோடு நேரடியாகப் பேசுவது. 2.6 கர்னல் வந்த காலத்திலிருந்து லினக்ஸின் அடிப்படை ஒலி அமைப்பு அதுதான். அதன் மேல் உட்கார்ந்து பல செயலிகளின் ஒலியைக் கலந்து கொடுக்கும் வேலையை நெடுநாள் பல்ஸ்ஆடியோ செய்தது. அந்த இடத்துக்கு இப்போது பைப்வயர் வந்துவிட்டது. ஃபெடோராவில் 2021இல் வந்த 34ஆம் பதிப்பிலிருந்தும், உபுண்டுவில் 22.10 பதிப்பிலிருந்தும் அதுவே இயல்பிருப்பு.

அன்றாடம் தொடுவதற்கு உகந்தது 'பாவு கன்ட்ரோல்' என்ற வரைகலைக் கருவி. பெயர் பல்ஸ்ஆடியோ காலத்தது என்றாலும் பைப்வயரிலும் அப்படியே வேலை செய்கிறது. அதில் 'இன்புட் டிவைசஸ்' தாவலில் மைக்கின் அளவு இருக்கும். 'ரெக்கார்டிங்' தாவல், ஏதாவது ஒரு செயலி பதிவு செய்துகொண்டிருக்கும்போதுதான் நிரம்பும். காலியாக இருக்கிறதே என்று பதற வேண்டாம்.

ஆனால் ஆல்சா மிக்சரை மறந்துவிட முடியாது. காரணத்தை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். திரையின் இடப்பக்கம் பாவு கன்ட்ரோலின் 'இன்புட் டிவைசஸ்' தாவல், வலப்பக்கம் ஆல்சா மிக்சரின் எஃப்4 திரை. இப்போது இடப்பக்கப் பட்டையை மெல்ல இடமிருந்து வலமாக நகர்த்துங்கள். வலப்பக்கத்தில் 'கேப்ச்சர்' ஏறும். இன்னும் நகர்த்தினால், நீங்கள் தொடாத 'மைக் பூஸ்ட்' ஒரு படி எகிறும். பிறகு இன்னொரு படி. ஒரே பட்டை, உள்ளே இரண்டு கட்டுப்பாடுகளையும் சேர்த்து இயக்குகிறது. ஆல்சாவில் பூஸ்டைக் கவனமாகக் குறைத்துவைத்துவிட்டு, பிறகு டெஸ்க்டாப்பின் பட்டையைத் தொட்டீர்களானால் உங்கள் உழைப்பு போயிற்று. 'நான் வைத்த அளவு தானாக மாறுகிறது' என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் விளக்கம்.

மைக் பூஸ்ட் என்பது என்ன? வைக்கலாமா, கூடாதா?

மைக்கிலிருந்து வரும் மின் சைகை மிகச் சிறியது, சில மில்லிவோல்ட் அளவுதான். அதை டிஜிட்டலாக மாற்றுவதற்கு முன்பே பெருக்குவது பூஸ்ட். மடிக்கணினிகளில் வழக்கமாக 0, 10, 20, 30 டெசிபெல் என்று நான்கே படிகள். 20 டெசிபெல் என்றால் சைகையின் வீச்சு பத்து மடங்கு. குரலோடு சேர்ந்து மின்விசிறியும் பத்து மடங்கு, அந்த மின்சுற்றின் சொந்த இரைச்சலும் பத்து மடங்கு.

என் வழக்கம் இது: பூஸ்டை 0 அல்லது 10இல் வைத்து, மைக்கைப் பேசுபவரின் வாய்க்கு ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுவந்து, மீதியை 'கேப்ச்சர்' பட்டையில் சரிசெய்வது. திறந்த வெளியில் தூரம் பாதியானால் குரல் 6 டெசிபெல் கூடுகிறது. அறையின் இரைச்சல் கூடுவதில்லை. பூஸ்டால் இந்த லாபத்தைத் தர முடியாது. 30 டெசிபெல் படியை நான் இப்போது தொடுவதே இல்லை.

அப்படியானால் எந்த அளவில் பதிவு செய்ய வேண்டும்?

டிஜிட்டல் ஒலியில் 0 டெசிபெல் என்பது கூரை. அதற்கு மேல் எதையும் எழுத இடமில்லை. கூரையில் முட்டிய அலையின் உச்சி, கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் தட்டையாகிவிடும். ஆகவே எல்லா அளவுகளையும் கழித்தல் குறியோடு சொல்கிறோம். பேச்சின் உச்சங்கள் −12க்கும் −6க்கும் இடையே ஆடினால் போதும். பட்டை காலியாகத் தெரிகிறதே என்ற ஆசையில் ஏற்றிவிடாதீர்கள். 16 பிட் பதிவில்கூட ஏறக்குறைய 96 டெசிபெல் வீச்சு இருக்கிறது. பன்னிரண்டை விட்டுக்கொடுப்பதால் எதுவும் குறைந்துவிடாது.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் இன்னும் உறுத்துகிறது. தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்து, 2001இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு மகனோடு பெங்களூருக்கு வந்துவிட்ட பெரியவர் ஒருவர். தணிந்த குரல். அரை மணி நேரம் பேசியும் மீட்டர் −30ஐத் தாண்டவில்லை. நானும் பூஸ்டை 30க்கு ஏற்றிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தேன். ஷிப்ட் மாறும்போது ஊதும் சங்கைப் பற்றிப் பேச்சு வந்தது. "எப்படி இருக்கும் தெரியுமா தம்பி?" என்று கேட்டவர், இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, அந்தச் சங்கை அப்படியே ஊதிக் காட்டினார். அடிவயிற்றிலிருந்து எழுந்து, ஏறி, நின்று, மெல்ல இறங்கிய ஒலி. சமையலறையிலிருந்து அவருடைய மருமகள் எட்டிப் பார்த்தார். மீட்டர் முழுக்கச் சிவப்பு.

வீட்டுக்கு வந்து, ஒலியைத் திருத்தும் செயலியான ஆடாசிட்டியில் திறந்தபோது, அந்தப் பதினைந்து விநாடிகளும் மேலும் கீழும் தறித்த ஒரு பாளமாக இருந்தன. கேட்டால் சங்கு இல்லை, கிழிந்த தகரம். மறு வாரம் போய் மீண்டும் கேட்டேன். அவரும் ஊதினார். ஆனால் கேட்டு ஊதியது, நினைவு வந்து ஊதியதைப்போல் இருக்கவில்லை.

எனவே, அளவு வைக்கும்போது பேசுபவரைச் சாதாரணமாகப் பேசச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். சிரிக்க வையுங்கள். தெருவில் போகிறவரைக் கூப்பிடுவதுபோல் ஒருமுறை கூப்பிடச் சொல்லுங்கள். அந்த உச்சத்துக்கு −6 வருமாறு வைத்துவிட்டு, பிறகு கையை எடுத்துவிடுங்கள். பேச்சு சற்றுச் சிறியதாக இருந்தால் பின்னால் பெரிதாக்கலாம். வெட்டுப்பட்டதை ஒட்டவைக்க வழியில்லை. ஆடாசிட்டியின் 'வியூ' பட்டியலில் வெட்டுப்பட்ட இடங்களைச் சிவப்புக் கோடாகக் காட்டும் வசதி உண்டு. அதை நிரந்தரமாக இயக்கிவையுங்கள்.

பட்டையில் 50 விழுக்காடு வைத்தால் பாதிச் சத்தம்தானே?

இல்லை. பல்ஸ்ஆடியோ, பைப்வயர் வழியாக வரும் பட்டைகளில் 50 விழுக்காடு என்பது ஏறத்தாழ 18 டெசிபெல் குறைவு. வீச்சில் எட்டில் ஒரு பங்கு. விழுக்காட்டை நம்பாமல் அருகில் காட்டும் டெசிபெல்லைப் பாருங்கள். அதேபோல், பதிவுப் பட்டையை 100க்கு மேல் தள்ளாதீர்கள். அதற்கு மேல் நடப்பது, டிஜிட்டலாக மாறிய பிறகு செய்யும் வெறும் பெருக்கல்.

கணினியை அணைத்து இயக்கினால் அமைப்பெல்லாம் போய்விடுகிறது.

ஆல்சா அளவுகளைச் சேமிக்க, நிர்வாகி உரிமையோடு 'ஆல்சா சிடிஎல்' கட்டளையை 'ஸ்டோர்' என்ற சொல்லோடு இயக்குங்கள். அடுத்த முறை கணினி எழும்போது அவை மீட்கப்படும். ஆனால் மேலே சொன்னபடி, பிறகு எழும் பைப்வயர் தன் நினைவிலிருக்கும் அளவை மேலே எழுதிவிடலாம். அதனால் முதலில் பாவு கன்ட்ரோலில் அளவை வைத்து, ஆல்சாவில் பூஸ்ட் எங்கே நிற்கிறது என்று சரிபார்ப்பதுதான் எளிய வரிசை.

வன்பொருளின் அளவை எதுவுமே தொடக்கூடாது என்றால், பைப்வயரை நிர்வகிக்கும் வயர்பிளம்பரின் அமைப்புக் கோப்பில் அந்த அட்டைக்கு 'சாஃப்ட் மிக்சர்' என்ற பண்பை இயக்கலாம். பிறகு டெஸ்க்டாப் பட்டை மென்பொருள் அளவை மட்டும் மாற்றும். ஆல்சாவில் நீங்கள் வைத்தது வைத்தபடி இருக்கும். வயர்பிளம்பரின் 0.5 பதிப்பில் அமைப்புக் கோப்பின் எழுதுமுறையே மாறிவிட்டதால், பழைய வழிகாட்டியிலிருந்து வரிகளை அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள்.

சத்தம் தானாக ஏறி இறங்குகிறது. பேச்சு நின்றதும் மின்விசிறி ஓசை பொங்கி வருகிறது.

தானியங்கி அளவுக் கட்டுப்பாட்டின் வேலை. யுஎஸ்பி மைக், வெப்கேமரா ஆகியவற்றில் ஆல்சா மிக்சரிலேயே 'ஆட்டோ கெயின் கன்ட்ரோல்' என்ற பெயரில் தெரியும். எம் விசையால் அணைத்துவிடுங்கள். உலாவி வழியாகப் பதிவு செய்யும் தளங்களும் இதை இயல்பாகவே செய்கின்றன. முக்கியமான பதிவை உலாவியில் செய்யாதீர்கள்.

பதிவு முழுக்க 'ம்ம்ம்' என்று ஓர் ஓசை அடியில் கேட்கிறது. எந்த மிக்சர் பட்டை காரணம்?

எதுவும் இல்லை. அது மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் பதிவு செய்து பாருங்கள். ஓசை நின்றால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது. மின்சாரம் போய் வீட்டு இன்வெர்ட்டரில் ஓடும்போது, அந்த இன்வெர்ட்டர் சதுர அலை வகையாக இருந்தால் ஓசை இன்னும் கரகரப்பாகும். மழை நாட்களில் பதிவுக்குப் போவதென்றால் பேட்டரியை முழுக்க ஏற்றிக்கொண்டுதான் கிளம்புகிறேன்.

மேசைக் கணினியாக இருந்தால் மைக்கைப் பின்பக்கத் துளையில் செருகுங்கள். முன்பக்கத் துளைக்குப் பெட்டிக்குள்ளே ஓடிவரும் கம்பி, வழியிலிருக்கும் இரைச்சலையெல்லாம் அள்ளிக்கொண்டு வரும்.

எங்கள் வீட்டில் இன்னொரு ஓசை. அல்சூரில் ஊதா வழித்தட மெட்ரோ மேம்பாலத்தில் போகிறது. ரயில் கடக்கும்போது காதுக்குச் சரியாக எட்டாத உறுமல் ஒன்று மைக்குக்கு எட்டுகிறது. பதிந்த பிறகு ஆடாசிட்டியில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் 'ஹை பாஸ்' வடிகட்டி போட்டால் பெரும்பகுதி போய்விடும். பேச்சுக்குச் சேதமில்லை.

ஹெட்செட்டைச் செருகினேன். கேட்கிறது, ஆனால் மைக்காக ஏற்கவில்லை.

செருகியின் முனையைப் பாருங்கள். கறுப்பு வளையங்கள் மூன்று இருந்தால் நான்கு முனைச் செருகி, அதில் மைக்குக்கும் இடமுண்டு. இரண்டே வளையங்கள் என்றால் ஒலி மட்டும் அல்லது மைக் மட்டும். மடிக்கணினியில் ஒரே துளைதான் இருந்து, உங்கள் மைக் தனிச் செருகி கொண்டது என்றால் இடையில் ஒரு ஸ்பிளிட்டர் வேண்டும். பெங்களூரில் மின்னணுக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். 'மைக்கும் ஹெட்போனும் தனித்தனியாக, கணினிப் பக்கம் நான்கு முனை' என்று தெளிவாகச் சொல்லுங்கள். இரண்டு ஹெட்போன் மாட்டும் ஸ்பிளிட்டரும் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும். நான் ஒருமுறை அதை வாங்கி வந்து ஒரு மாலை முழுவதும் மிக்சரோடு மல்லுக்கட்டினேன்.

புளூடூத் ஹெட்செட்டில் பதியலாமா?

வேண்டாம். பாட்டு கேட்கும் உயர்தர முறையில் மைக் வேலை செய்யாது. மைக்கை இயக்கியதும் அது தொலைபேசி முறைக்கு மாறி, குரல் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்துக்குச் சுருங்கிவிடும்.

இடது காதிலும் வலது காதிலும் கேட்கிறது, ஒற்றைத் தடமாக மாற்றினால் குரலே காணாமல் போகிறது. பேய் வேலைபோல் இருக்கிறதே?

சில மடிக்கணினிகளின் உள் மைக், இரு தடங்களிலும் ஒன்றுக்கொன்று தலைகீழான அலையை அனுப்புகிறது. இரண்டையும் கூட்டினால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஆடாசிட்டியில் நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். இடது தடத்தில் மேடு இருக்கும் இடத்தில் வலது தடத்தில் பள்ளம் இருக்கும். ஏற்கெனவே பதிந்தது என்றால் இரு தடங்களையும் பிரித்து ஒன்றை நீக்கிவிடுங்கள், குரல் முழுதாக இருக்கும். இனிப் பதிவதற்கு, பாவு கன்ட்ரோலில் பூட்டுச் சின்னத்தைத் திறந்து வலது தடத்தைப் பூஜ்யமாக்குங்கள்.

யுஎஸ்பி ஒலி இடைமுகம் (மைக்கைச் செருகும் வெளிப்பெட்டி) வாங்கினால் இந்தத் தொல்லையெல்லாம் தீருமா? லினக்ஸுக்கு டிரைவர் கிடைக்குமா?

பெரும்பாலும் தீரும். யுஎஸ்பி ஒலித் தரத்தைப் பின்பற்றும் கருவிகளுக்குத் தனி டிரைவர் தேவையில்லை, கர்னலில் இருப்பதே போதும். செருகியதும் எஃப்6 பட்டியலில் வந்து நிற்கும். பல கருவிகளில் ஆல்சா மிக்சரைத் திறந்தால் பதிவுப் பட்டையே இருக்காது. பயப்பட வேண்டாம், பெருக்கம் கருவியின் முகப்பில் இருக்கும் குமிழில் இருக்கிறது. குமிழை மட்டும் திருப்புங்கள், டெஸ்க்டாப் பட்டையை 100இல் விட்டுவிடுங்கள்.

கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் பொத்தானை அழுத்த வேண்டும். டைனமிக் மைக்குக்குத் தேவையில்லை. பெங்களூரு போன்ற சத்தமான ஊரில், வீட்டு அறைகளில் பதிபவர்களுக்கு நான் டைனமிக் மைக்கைத்தான் சொல்வேன். வாயருகே வைத்தாக வேண்டும், ஆனால் தெருவை அவ்வளவாக உள்ளே விடாது.

எந்த வடிவத்தில் சேமிப்பது?

48000 ஹெர்ட்ஸ், 24 பிட், ஒற்றைத் தடம், ஒலியில் எதையும் இழக்காத வேவ் அல்லது ஃபிளாக் கோப்பு. ஒரு மணி நேர வேவ் கோப்பு ஏறத்தாழ 518 எம்பி வரும். 16 பிட் என்றால் 346. பைப்வயரின் இயல்பு வீதமும் 48000 என்பதால் இடையில் மாற்றம் எதுவும் நடக்காது. எம்பி3யை வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரைச்சல் நீக்கியைப் பதிவின்போதே போட்டுவிடலாமா?

கூடாது. ஈஸிஎஃபெக்ட்ஸ் போன்ற செயலிகளில் நல்ல இரைச்சல் நீக்கி இருக்கிறது, கூட்ட அழைப்புகளுக்குப் பயன்படுத்துங்கள். ஆனால் வயதானவர்களின் பேச்சில் சொல்லுக்கு முன் ஒரு மூச்சு, நாக்கு அண்ணத்தில் ஒட்டி விடுபடும் ஓசை, முடிவில் இழுபடும் 'ஆமா...' எல்லாம் இருக்கும். இரைச்சல் நீக்கி இவற்றையும் இரைச்சல் என்று எண்ணிச் சீவிவிடுகிறது. தாலாட்டில் 'ஆராரோ' என்ற இழுப்பின் வால் பகுதி போய்விட்டதை நானே கேட்டிருக்கிறேன்.

அதற்குப் பதிலாக, பேச்சு தொடங்கும் முன் எல்லோரும் அசையாமல் இருக்க, அந்த அறையின் மௌனத்தைப் பத்து விநாடி பதிவு செய்யுங்கள். பின்னால் ஆடாசிட்டிக்கு அந்தப் பத்து விநாடியை மாதிரியாகக் காட்டி, பிரதியில் மட்டும் இரைச்சலைக் குறைக்கலாம். மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள்.

பதிவு நடக்கும்போது நான் எதைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்?

ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள், ஒரு காதில் மட்டும். மீட்டரை ஓரக்கண்ணால் பார்த்தால் போதும். திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் பேசுகிறவர் பேச்சை நிறுத்திவிடுவார். மடிக்கணினியை அவர் கண்ணில் படாமல் பக்கவாட்டில் வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து உட்காருங்கள். காபி டம்ளரை மைக் இருக்கும் மேசையில் வைக்க விடாதீர்கள்.